41 வரி விளக்கம், ஒரு ஸ்கிப் பட்டன்: சயின்ஸ் ஃபிக்ஷன் கேம் எழுதுகிறவர்களுக்கு ஒரு கேள்வி

தேரிமணல் (பாளையங்கோட்டை)

வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒன்றரை வருஷமாக ஒரு மொபைல் கேம் செய்துகொண்டிருக்கிறோம். ஒருத்தன் கோடிங், ஒருத்தன் படம், கதையும் வசனமும் என் தலையில். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு சின்னக் குடியிருப்பு, மொத்தம் 38 பேர், அதில் பாதி நம்ம திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து ஆட்கள். ஏன் அவர்கள் என்று கேட்டால், தேரிக்காட்டில் நின்று ஒரு போட்டோ எடுத்து, பனைமரத்தை அழித்துவிட்டு, வானத்தை மட்டும் கொஞ்சம் பழுப்பு மஞ்சளாக மாற்றிப் பாருங்கள். இரண்டு மண்ணும் சிவந்து கிடப்பதற்குக் காரணமும் ஒன்றுதான், இரும்பு ஆக்சைடு. துருப்பிடித்த மண்ணில் பிறந்தவன் துருப்பிடித்த கிரகத்துக்குக் குடிபோகிறான், இதுதான் கதை.

இப்போது பிரச்சினை. முதல் அத்தியாயத்தில் இசக்கி என்று ஒரு இன்ஜினியர் வருகிறார். மூச்சுவிட ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்பதை அவர் விளையாடுகிறவருக்குச் சொல்ல வேண்டும். நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்து எழுதினேன். அங்கே காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு, அதை 800 டிகிரி சூட்டில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஆக்சிஜன் பிரியும், நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியோடு போன மோக்ஸி என்கிற பெட்டி 2021இல் தொடங்கி 2023 வரை 16 தடவை இதைச் செய்து காட்டியது என்று எல்லாம் சேர்த்து 41 வரி. எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது.

முதலில் சித்தி மகனிடம் கொடுத்தேன், பிளஸ் டூ படிக்கிறான். நாலாவது வரியில் ஸ்கிப் பட்டனைக் கண்டுபிடித்துவிட்டான். அப்புறம் விரல் அங்கிருந்து நகரவே இல்லை. முடித்துவிட்டு, "இது பரீட்சைக்கு வருமாண்ணே?" என்று கேட்டான். சரி என்று 41 வரியை மூன்று வரியாக வெட்டி, இயற்பியல் படித்த ஒரு நண்பனிடம் கொடுத்தேன். அவன், "பெட்டியைத் தட்டினா ஆக்சிஜன் வருதா, இது என்ன அலாவுதீன் விளக்கா?" என்கிறான். மூன்றாம் அத்தியாயத்தில் புழுதிப் புயல் வந்து ஒரு கூடாரத்தைப் புரட்டிப் போடும். அதைப் படித்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

கொஞ்சம் சொன்னால் மந்திரம், நிறையச் சொன்னால் பாடப்புத்தகம். சயின்ஸ் தெரிந்தவனும் முகம் சுளிக்கக் கூடாது, ஹால் டிக்கெட்டை நினைத்தாலே வயிறு கலங்குகிறவனும் ஓடக் கூடாது. நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?


பொதிகைக்காத்து (அம்பாசமுத்திரம்)

தம்பி, 26 வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்தவன் நான். கேம் எதுவும் விளையாடியதில்லை, பேரன் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்ப்பதோடு சரி. ஆனால் 41 வரி கொடுத்தால் பையன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். என் வகுப்பில் ஸ்கிப் பட்டன் கிடையாது, அதற்குப் பதில் ஜன்னல் இருந்தது.

உங்கள் 41 வரியில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உயிரான எண்ணை விட்டுவிட்டீர்கள். அந்தப் பெட்டி 16 தடவை ஓடி மொத்தமாக எடுத்த ஆக்சிஜன் எவ்வளவு தெரியுமா? 122 கிராம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமாராக 840 கிராம் வேண்டும். வகுத்துப் பாருங்கள், மூன்றரை மணி நேரத்துக்குத்தான் வரும். பாளை பஸ் ஸ்டாண்டில் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கும்போது மூச்சு தீர்ந்துவிடும். 800 டிகிரி என்பதும் மின்சாரம் என்பதும் எப்படி என்பதற்குப் பதில். கதைக்குள் இருக்கிற ஆளுக்கு முதலில் வேண்டியது போதுமா போதாதா என்பதற்குப் பதில். இசக்கி இப்படிச் சொன்னால் போதாதா: "இந்தப் பெட்டியோட தாத்தா ரெண்டு வருஷம் கூடி உழைச்சும் ஒரு ஆளுக்கு மூணரை மணி நேர மூச்சுதான் குடுத்தாரு. இங்க நாம முப்பத்தெட்டு பேரு." அதைக் கேட்டுவிட்டு ஒருவன் பெட்டியைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள நினைத்தால் 800 டிகிரியைச் சொல்லுங்கள். கேட்காதவனிடம் சொல்ல வேண்டாம்.

வகுப்பிலும் இப்படித்தான் நடக்கும். மிதப்பு விதியை எழுதிப் போட்டுவிட்டு உதாரணம் சொன்னால் ஒருத்தனும் நிமிர மாட்டான். தாமிரபரணியில் குளிக்கும்போது தண்ணீருக்குள் சுலபமாகத் தூக்கிய கல் மேலே வந்ததும் ஏன் கனத்தது என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் வருகைப் பதிவேட்டை எடுத்தால் நாலு பேர் கை தூக்குவான்.

புயல் விஷயத்தில் உங்கள் நண்பர் சிரித்தது நியாயம். அதை இந்தத் தளத்தில் காற்றாலைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் வந்து சொல்வார்.


காத்தாடி (காவல்கிணறு)

சார் கூப்பிட்டு வராமல் இருக்க முடியுமா. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில்தான் எனக்குச் சோறு. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சீசன், அந்த நாலு மாசம் டவர் ஏறி இறங்கியே முழங்கால் போய்விடும்.

காற்றில் அடி என்பது வேகத்தில் மட்டும் இல்லை, காற்று எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. செவ்வாயில் தரைமட்டக் காற்றின் அடர்த்தி நம் ஊரில் இருப்பதில் அறுபதில் ஒரு பங்கு அளவுதான். மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் அங்கே புயல் அடித்தால், நம் உடம்புக்கு அது இங்கே 14 கிலோமீட்டர் காற்று மாதிரி இருக்கும். அந்தக் காற்றில் எங்கள் இறக்கை மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும், அவ்வளவுதான். வேட்டி பறக்கலாம், கூடாரம் புரளாது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், புயலை எடுத்துவிடாதீர்கள். அங்கே புயல் கொல்வது தள்ளி இல்லை, மூடி. ஆப்பர்ச்சூனிட்டி என்ற ஊர்தி 90 நாள் தாங்கினால் போதும் என்று அனுப்பியது, 2004இல் இறங்கி 14 வருஷம் ஓடியது. 2018இல் கிரகம் முழுக்கப் புழுதி எழும்பி சூரியனை மறைத்தது, ஊர்தியின் சோலார் தகட்டுக்கு வெயில் போய்ச் சேரவில்லை, ஜூன் மாசத்தோடு பேச்சு நின்றது. அடுத்த பிப்ரவரியில் முடிந்தது என்று அறிவித்தார்கள். கூடாரம் ஒரு நிமிஷத்தில் புரளுவதைவிட, மத்தியானம் இரண்டு மணிக்கு ஊரே சாயங்காலம் மாதிரி ஆகி, பேட்டரி எண் ஒவ்வொன்றாக இறங்க, எதை அணைப்பது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும் என்றால்? வெந்நீரா, கீரைப் பாத்திக்கு மேலே இருக்கிற விளக்கா, குழந்தைகள் அறை ஹீட்டரா? எனக்கு அதுதான் பயம். பவர் கட் தெரியாதவன் நம் பக்கம் யார்? விளக்கமே வேண்டாம்.


டவுன்வாசி (திருநெல்வேலி டவுன்)

என்னவே, ஆளாளுக்கு வகுப்பு எடுக்கிறீர். நான் டவுனில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிற போனில் பாதி "ஸ்டோரேஜ் ஃபுல்" கேஸ், எதை அழிக்கட்டும் என்று கேட்டால் கல்யாண போட்டோவைத் தொட விட மாட்டான், கேமைத்தான் காட்டுவான். அதனால் முதல் பத்து நிமிஷத்தில் ஆள் பிடிபடவில்லை என்றால் உம்ம மோக்ஸியும் தாத்தாவும் குப்பைத் தொட்டிக்குத்தான்.

நான் பத்தாம் வகுப்பில் சயின்ஸில் பார்டரில் பாஸ் ஆனவன். ஆனால் சுற்றுப்பாதை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை, கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்கிற கேம் சொல்லித் தந்தது. 2015இல் முழுசாக வந்தது. முன்னால் போகிற கலத்தைப் பிடிக்க வேண்டும் என்று ஆக்சிலேட்டரை மிதித்தால் நம் கலம் மேலே ஏறி, சுற்று பெரிதாகி, பின்தங்கிப் போகும். பிடிக்க வேண்டும் என்றால் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். மூன்று ராத்திரி தலையைப் பிய்த்துக்கொண்டேன், நாலாவது ராத்திரி கை தானாகச் செய்தது. இன்றைக்கும் ஃபார்முலா கேட்டால் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த கேம் ஒரு பெரிய பொய்யில் நிற்கிறது. பூமிக்குப் பதிலாக அதில் இருக்கிற கிரகத்தின் ஆரம் வெறும் 600 கிலோமீட்டர், நிஜ பூமிக்கு 6,371. ஆனால் தரையில் ஈர்ப்பு பூமி அளவே. அப்படி ஒரு உருண்டை நிஜத்தில் இருந்தால் ஈயத்தைப் போல ஐந்து மடங்கு கனமான சரக்கால் செய்திருக்க வேண்டும். ஏன் அப்படி வைத்தான்? சின்ன கிரகம் என்றால் வினாடிக்கு 2.3 கிலோமீட்டர் வேகம் போதும், சுற்றுப்பாதையில் நின்றுவிடலாம். பூமிக்கு 7.8 வேண்டும். விளையாடுகிறவன் பொறுமைக்கு ஏற்ற மாதிரி கிரகத்தைச் சுருக்கினான், விதியில் கை வைக்கவில்லை. உம்ம நண்பர் சிரிப்பாரா இதைப் பார்த்து? சிரிக்க மாட்டார்.

அப்புறம் ஒன்று. பூமிக்கு மெசேஜ் போய்ச்சேர நேரம் ஆகும் என்று எங்காவது வைத்திருக்கிறீரா? வைத்திருந்தால், நிஜ நேரத்தில் காக்க வைக்காதேயும். அன்இன்ஸ்டால்.


தேரிமணல் (பாளையங்கோட்டை)

வைத்திருந்தேன் அண்ணாச்சி. 14 நிமிஷம், நிஜ நேரம். இப்போதுதான் எடுத்தேன்.


பொதிகைக்காத்து (அம்பாசமுத்திரம்)

அவசரப்பட்டு எடுக்காதீர்கள். இரண்டு கிரகமும் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு பக்கத்துக்கு மட்டும் 3 நிமிஷத்திலிருந்து 22 நிமிஷம் வரை ஆகும், அதை மாற்ற ஒருவராலும் முடியாது. காத்திருக்க வைக்காமல், பதில் வருவதற்கு முன்னால் முடிவெடுக்க வையுங்கள். பூமியிலிருந்து "அந்த வால்வைத் திறக்க வேண்டாம்" என்று பதில் வரும், திறந்து பத்து நிமிஷம் ஆகியிருக்கும். திரையில் கடிகாரம் ஓட வேண்டியதில்லை.


அப்பளக்காரி (கல்லிடைக்குறிச்சி)

நான் கேம்களைத் தமிழாக்கம் செய்கிற வேலையில் இருக்கிறேன், வீட்டிலிருந்தே. இவ்வளவு நேரம் எல்லாரும் எவ்வளவு விளக்கம் என்று பேசுகிறீர்கள், எந்த வார்த்தையில் விளக்கம் என்று யாரும் கேட்கவில்லை. தமிழில் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

தம்பி அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் "காற்றுப்பூட்டு" என்று ஒரு சொல் பார்த்தேன். ஏர்லாக். தமிழ் மீடியம் படித்தவருக்கு அந்தச் சொல் பரீட்சை ஹாலை ஞாபகப்படுத்தும், இங்கிலீஷ் மீடியம் படித்தவருக்குப் புரியவே புரியாது. புரியாத சொல்லுக்கு அடைப்புக்குறி, அடைப்புக்குறிக்கு ஒரு விளக்கம், இப்படித்தான் 41 வரி ஆகிறது. எங்கள் தெரு வீடுகளில் வாசல் திண்ணையைத் தாண்டியதும் ஒரு இடைகழி இருக்கும், ரேழி என்போம். வெளிக்கதவு ஒன்று, உள்கதவு ஒன்று. தெருப் புழுதி அங்கேயே நின்றுவிடும், வந்தவரும் முதலில் அங்கேதான் நிற்பார். செவ்வாய்க்குப் போன நம் ஊர்க்காரர்கள் ஏர்லாக்கை ரேழி என்று கூப்பிட மாட்டார்களா? "ரேழிக் கதவைச் சாத்தாம உள்கதவைத் தொறந்தா அடிச்சிருவேன்" என்று ஒரு அம்மா பிள்ளையை அதட்டட்டும். வேறு விளக்கம் எதற்கு?

இன்னொன்று, பெர்குளோரேட். 2008இல் ஃபீனிக்ஸ் கலம் அந்த மண்ணில் அது இருப்பதைக் கண்டது, தைராய்டுக்கு ஆகாத உப்பு, தண்ணீரில் கரையும், அதனால் மண்ணை அலசிவிட்டுத்தான் பயிர் வைக்க முடியும். நீங்கள் அதற்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். நம் விவசாயியிடம் ஒரே சொல் இருக்கிறது, உவர். "மண்ணு உவரு, ரெண்டு தடவ அலசணும்" என்று ஒருவர் சொல்லட்டும், குடிக்கிற தண்ணீரா அலசுகிற தண்ணீரா என்று விளையாடுகிறவர் தவிக்கட்டும். பெர்குளோரேட் என்ற பெயரை ஆய்வகத்துப் பலகையில் எழுதிப் போடுங்கள், பார்க்கிறவர் பார்க்கட்டும்.

எல்லாவற்றையும் இப்படி ஊர்ச் சொல்லாக்கவும் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் ஆக்சிஜன்தான். அதை "உயிர்வளி" என்று யாராவது வசனத்தில் பேசினால் நானே ஸ்கிப் செய்வேன். கதிர்வீச்சு என்பது செய்தித்தாளில் படித்துப் படித்து எல்லாருக்கும் பழகிவிட்டது, அதை விட்டுவிடலாம். சொல்லைக் காதில் கேட்டுப் பாருங்கள், கூடங்குளம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேசுவாரா என்று.

வேலை விஷயமாக ஒன்று. ஒரே விஷயத்தைச் சொல்ல இங்கிலீஷைவிடத் தமிழ் வரி நீளும், போன் திரையில் மூன்று வரிப் பெட்டி நாலரை வரி ஆகிவிடும். எழுதும்போதே பெட்டியில் போட்டுப் பாருங்கள். எந்த இன்ஜின், அதாவது கேமை எந்த மென்பொருளில் செய்கிறீர்கள்? யூனிட்டியின் எழுத்துக் காட்டும் பகுதியான டெக்ஸ்ட்மெஷ்புரோ என்றால் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அதைச் சரிசெய்யத் தனியாக ஏற்பாடு வேண்டும். கோடோ 4 என்கிற இன்ஜின் என்றால் அந்தத் தொல்லை இல்லை. "கொதி" என்பது "காெதி" மாதிரித் தெரிந்தால் விளக்கம் எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.


நிலாச்சோறு (தென்காசி)

எனக்கு இந்தப் போக்கில் உடன்பாடு இல்லை. எல்லாரும் விளக்கத்தை ஒளித்து வைக்கவே வழி சொல்கிறீர்கள், ஏதோ கசப்பு மருந்தை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்பது மாதிரி. விளக்கம் படிப்பதற்காகவே விளையாடுகிற ஆட்கள் இருக்கிறோம். குற்றால சீசனில் கூட அருவிக்குப் போகாமல் மாஸ் எஃபெக்ட் விளையாடி, அதில் இருக்கிற கோடெக்ஸ் முழுசையும் படித்தவன் நான்.

2007இல் வந்த கேம் அது. அதில் ஒரு கலைக்களஞ்சியம் உள்ளேயே இருக்கும். முக்கியமான பதிவுகளை ஒரு குரல் வாசித்துச் சொல்லும், இரண்டாம் பட்சப் பதிவுகள் வெறும் எழுத்து. ஒரு தட்டுகூடத் தட்டாமலே கதையை முடிக்கலாம். ஆனால் தட்டினால் என்ன கிடைக்கும் தெரியுமா? நாயகன் கூட்டத்தின் விண்கப்பல் எதிரி கண்ணில் படாமல் மறைந்து போகும். வெற்றிடத்தில் சூட்டை வெளியே விட ஒரே வழி கதிராக உமிழ்வது, உமிழ்ந்தால் எதிரிக்குத் தெரியும், அதனால் சூட்டை உள்ளேயே சேர்த்து வைக்கிறார்கள், சில மணி நேரத்துக்கு மேல் போனால் உள்ளே இருக்கிறவர்கள் வெந்துபோவார்கள். எவ்வளவு அழகு! அதைப் படித்த பிறகு அந்தக் கப்பல் வரும் ஒவ்வொரு காட்சியும் எனக்கு வேறு மாதிரி ஆனது.

அந்த கேமிலும் ஒரு பொய் இருக்கிறது, மின்சாரம் பாய்ச்சினால் பொருளின் நிறையையே கூட்டிக் குறைக்கும் ஒரு தனிமம். அதை ஒரு தடவை நம்பச் சொல்கிறார்கள், அப்புறம் அந்தப் பொய்க்கு உண்மையாக நடக்கிறார்கள்.

அதனால் 41 வரியை அழிக்காதே நண்பா. இடம் மாற்று, எனக்காக. உன் கேமில் பெரிய பொய் எது? அது தெரிந்தால்தான் மற்றதில் எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.


டவுன்வாசி (திருநெல்வேலி டவுன்)

அருவிக்குப் போகாமல் கோடெக்ஸ் படித்தேன் என்று தென்காசிக்காரர் வெளியே சொல்லலாமா வே.


தேரிமணல் (பாளையங்கோட்டை)

பெரிய பொய்யா? கேட்டதும் வெட்கமாகிவிட்டது, ஏனென்றால் அது சயின்ஸுக்காகச் சொன்ன பொய் இல்லை, பாசத்துக்காகச் சொன்னது. முன்கதையில் எல்லாரும் குலசேகரன்பட்டினத்திலிருந்து கிளம்புகிறார்கள். தசரா நேரம். காளி வேஷம், குறவன் வேஷம் போட்ட கூட்டம் கடற்கரையில் நின்று கையாட்ட, ராக்கெட் நேராகச் செவ்வாய்க்குப் போகிறது. அங்கே ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் போட்டபோதே இந்தக் காட்சியை எழுதிவிட்டேன்.


பொதிகைக்காத்து (அம்பாசமுத்திரம்)

குலசையைத் தேர்ந்தெடுத்ததே தெற்கே நேராகக் கடல் இருக்கிறது என்பதால். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போனால் இலங்கையைத் தொடாமல் வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீண், சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. வட, தென் துருவங்களுக்கு மேலே சுற்றுகிற துருவப் பாதைக்கு, எஸ்.எஸ்.எல்.வி. மாதிரி சின்ன ராக்கெட்டுக்கு, குலசை அருமையான இடம். ஆனால் வேறு கிரகத்துக்குப் போகிறவர்கள் பூமி சுற்றுகிற வேகத்தையும் சேர்த்துக்கொள்ளக் கிழக்குப் பக்கம் கிளம்புவார்கள். 2013 நவம்பரில் மங்கள்யான் போனது அப்படித்தான், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. குலசைக்குக் கிழக்கே என்ன இருக்கிறது? இலங்கை.

இதைச் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன்: அந்தக் காட்சியை மாற்றாதீர்கள். காளி வேஷக்காரர் ராக்கெட்டுக்குக் கையாட்டுவதை எங்கள் வீட்டில் எல்லாரும் பார்ப்பார்கள். ஒரு பொய்தான் அனுமதி என்றால் அதை இங்கே செலவழியுங்கள். ஆனால் புயலுக்கு இன்னொன்று கேட்காதீர்கள்.


அப்பளக்காரி (கல்லிடைக்குறிச்சி)

எதற்கு சார் பொய்யே? குலசையில் ஒரு சின்னக் கலத்தில் ஏறித் தெற்கே கிளம்பட்டும், மேலே சுற்றிக்கொண்டிருக்கிற பெரிய கப்பலுக்கு மாறட்டும். ரயிலுக்கு முன்னால் மினி பஸ் பிடிக்கிற மாதிரி. ஒரு வரி போதும்.


பொதிகைக்காத்து (அம்பாசமுத்திரம்)

துருவப் பாதையில் நிற்கிற கப்பலிலிருந்து செவ்வாய்க்குக் கிளம்புவதற்கும் கணக்கு இருக்கிறது அம்மா, செலவு கொஞ்சம் கூடும். ஆனால் முடியாது என்று சொல்ல மாட்டேன். நல்ல யோசனை.


தேரிமணல் (பாளையங்கோட்டை)

நாலு நாள் இந்தப் பக்கம் வரவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். 41 வரி கோடெக்ஸுக்குப் போய்விட்டது (நிலாச்சோறு, உங்கள் ஒருவருக்காக அதை 60 வரி ஆக்கியிருக்கிறேன்). மோக்ஸி தாத்தா வசனத்தை சார் எழுதியபடியே வைத்துவிட்டேன். ஏர்லாக் ரேழி ஆகிவிட்டது, புயல் பவர் கட் ஆகிவிட்டது.

புதுசாக ஒரு காட்சி. குடியிருப்பில் காற்று எங்கேயோ கசிகிறது, அழுத்தம் குறைகிறது. முன்பு இதற்கு இசக்கி 18 வரி பேசுவார், சிவப்பு விளக்கு சுற்றும். இப்போது இப்படி:

ஆச்சி: ஏலே இசக்கி, இங்க வா. உலை கொதிச்சு எவ்வளவு நேரமாச்சு, அரிசி இன்னும் நறுக்கு நறுக்குன்னு கெடக்கு.
இசக்கி: அரிசி பழசா இருக்கும் ஆச்சி.
ஆச்சி: நேத்து இதே அரிசிதான் வெந்துச்சு. தண்ணியும் என்னமோ சீக்கிரமா கொதிச்ச மாதிரி இருக்கு.

இங்கே மூன்று தேர்வு வரும். வேறு மூட்டையைப் பிரி, அடுப்பைக் கழற்றிப் பார், ரேழிக்குப் போ. முதல் இரண்டைத் தொட்டால் நேரம் போகும், வேறு ஒன்றும் ஆகாது. ஆச்சி மறுபடியும் கூப்பிடுவார், இந்தத் தடவை, "தாத்தாவுக்குத் தலைவலிக்காம், வெந்நி கேக்காரு, கொதிச்ச தண்ணி கையில தொட்டா முந்தி மாதிரி சுடலியே" என்று. சித்தி மகனிடம் கொடுத்தேன். இரண்டாவது தடவை ஆச்சி கூப்பிட்டதும் போனைக் கீழே வைத்துவிட்டு, "காத்து கசியுதாண்ணே?" என்றான். அழுத்தம் என்ற சொல் அந்தக் காட்சியில் எங்கேயும் கிடையாது.


பொதிகைக்காத்து (அம்பாசமுத்திரம்)

கை தட்டினேன், பேரன் திரும்பிப் பார்த்தான்.

ஆனால் கணக்கு. அழுத்தம் 1,013 மில்லிபாரிலிருந்து 700க்கு வந்தால் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதிக்கும், அரிசி வேக அதிக நேரம் எடுக்கும், அது சரி. 3,000 மீட்டர் மலை மேல் நிற்கிற மாதிரி என்பதால் தலைவலியும் சரி. கொதித்த தண்ணீரைத் தொட்டு 90க்கும் 100க்கும் வித்தியாசம் எந்த ஆச்சிக்கும் தெரியாது, இரண்டும் வேகவைத்துவிடும், அந்த வரியை எடுத்துவிடுங்கள். அடுத்து, கசிவு வேகமாக இருந்தால் உலைக்கு முன்னால் காது சொல்லிவிடும், கொடைக்கானல் மலை ஏறும்போது அடைக்குமே, அது மாதிரி. ஆகவே கசிவு மெதுவாக, ஒன்றரை இரண்டு நாளாக நடந்திருக்க வேண்டும், அப்போது காது தானாகச் சமப்படுத்திக்கொள்ளும். அப்புறம் அலாரம் ஏன் அடிக்கவில்லை?


காத்தாடி (காவல்கிணறு)

அலாரத்துக்கு நான் பதில் சொல்கிறேன் சார். சும்மா சும்மா அடித்திருக்கும், தூக்கம் கெடுகிறது என்று எவனாவது துணியைச் சுற்றி வைத்திருப்பான். எல்லா சைட்டிலும் பார்த்திருக்கிறேன்.


டவுன்வாசி (திருநெல்வேலி டவுன்)

எல்லாம் சரி, செவ்வாய்க்கே போகிறவன் ஒரு குக்கர் எடுத்துப் போக மாட்டானா வே? குக்கரில் வைத்தால் சோறு வெந்துவிடும், கசிவு தெரியாது, உம்ம காட்சியே போச்சு.


தேரிமணல் (பாளையங்கோட்டை)

குக்கர் இருக்கிறது அண்ணாச்சி, படத்திலேயே அலமாரியில் இருக்கிறது. ஆச்சி அதைத் தொட மாட்டார். "குக்கர்ல வச்சது சோறா? கஞ்சி வடிக்கணும்லே" என்று முதல் அத்தியாயத்திலேயே சண்டை போட்டிருக்கிறார், எங்கள் ஆச்சி போட்டது, அப்படியே எடுத்து வைத்தேன். தொடுகிற வரியை எடுத்துவிட்டேன் சார், அலாரத்துக்குத் துணியும் சுற்றியாகிவிட்டது.


பொதிகைக்காத்து (அம்பாசமுத்திரம்)

வடிக்கிறார் என்றால் ஒன்று பாருங்கள். அங்கே ஈர்ப்பு பூமியில் 38 சதவீதம்தான். இங்கே ஒரு வினாடியில் கீழே விழுகிற கஞ்சி அங்கே 1.6 வினாடி எடுக்கும். படம் போடுகிற தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.


தேரிமணல் (பாளையங்கோட்டை)

சொல்லிட்டேன் சார். நேற்றுதான் கஞ்சி வடிகிற அனிமேஷனை முடித்திருக்கிறான். போனை எடுக்க மாட்டேன் என்கிறான்.